எகிப்தில் ஒரு தச்சன், நாசரேத்தில் ஒரு தச்சன்



நம் ஆலயங்களில் புனித சூசையப்பரின் சுரூபத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கையில் லீலி மலர், மறு கையில் குழந்தை யேசு. மே மாதம் முதல் நாளில் தொழிலாளரின் பாதுகாவலராக நாம் அவரைக் கொண்டாடும்போது, மலருக்குப் பதிலாக உளியும் இழைப்புளியும் அவர் கைக்கு வந்துவிடும். அந்தத் திருநாளை 1955ஆம் ஆண்டு பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் ஏற்படுத்தினார். ஆனால் சூசையப்பருக்கு வேறொரு கோலமும் உண்டு. அதை நாம் அதிகம் நினைப்பதில்லை. நள்ளிரவில் மனைவியையும் கைக்குழந்தையையும் எழுப்பி, எல்லை கடந்து, அந்நிய தேசத்துக்கு ஓடிய மனிதனின் கோலம் அது.

எகிப்தில் அவர் எத்தனை காலம் இருந்தார், யாரிடம் வேலை செய்தார் என்று மத்தேயு நமக்குச் சொல்லவில்லை. ஆயினும் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். மொழி தெரியாத ஊரில், உறவினர் இல்லாத தெருவில், ஏழைத் தச்சன் ஒருவன் தன் குடும்பத்துக்கு எப்படிச் சோறு போட்டிருப்பான்? கையிலிருந்த தொழிலால்தான். எகிப்தியன் ஒருவன் அவரை நம்பி வேலை கொடுத்திருக்க வேண்டும்; மாலையில் கூலியையும் கொடுத்திருக்க வேண்டும். அந்தக் கூலியில் உலக இரட்சகர் பால் குடித்தார்.

ஏரோது இறந்தபின் சூசையப்பர் நாசரேத்துக்குத் திரும்பினார். அங்கே பட்டறை வைத்தார். பிள்ளை வளர்ந்தபோது தொழிலைப் பழக்கினார். ஊரார் யேசுவைத் தச்சனின் மகன் என்றார்கள். மாற்கு எழுதிய நற்செய்தியிலோ தச்சன் என்றே அழைக்கிறார்கள். தேவகுமாரனும் ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டார்.

ஆகவே சூசையப்பர் எகிப்தில் வெளிநாட்டுத் தொழிலாளி. நாசரேத்தில் உள்ளூர்த் தொழிலாளி. தன் பிள்ளைக்குத் தொழில் பழக்கிய ஆசானும் அவரே. வெளியாருக்கு வேலை அனுமதி கொடுக்கலாமா, நம் பிள்ளைகளுக்கு முதலில் வேலை வேண்டாமா என்று நாம் வாதாடும்போதெல்லாம், ஒரே சூசையப்பரை இரண்டாகப் பிளந்து ஒருவருக்கு எதிராக மற்றவரை நிறுத்துகிறோம். அது ஏன் தவறு என்பதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஒரு வீடு, இரண்டு வாசல்

நம் நாடு இன்று இரண்டு வாசல் உள்ள வீடு. ஒரு வாசலால் நம்மவர் வெளியேறுகிறார்கள். பொருளாதாரம் சரிந்த 2022ஆம் ஆண்டில் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காகக் கடல் கடந்தார்கள். மற்ற வாசலால் வெளியார் உள்ளே வருகிறார்கள். கொழும்பில் எழும் அடுக்குமாடிகளின் சாரத்தில் சீனரையும் இந்தியரையும் நீங்களே கண்டிருக்கிறீர்கள்.

கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் ஒழுங்கையிலும் இருக்கக்கூடும். தாய் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். அம்மம்மா பிள்ளைகளை வளர்க்கிறாள். சாதாரண தரத்தில் தவறிய மூத்த மகன் எந்த வேலையும் பழகாமல் 'விசா வரும்' என்று காத்திருக்கிறான். காதணிகள் அடகுக் கடையில். அந்த வீட்டுத் தகப்பன் மாலையில் தெருமுனையில் நின்று, "இந்த வெளிநாட்டான்களையெல்லாம் அனுப்பினால்தான் நம் பெடியன்களுக்கு வேலை கிடைக்கும்" என்று பேசுகிறான். வீட்டுக்குள் வந்ததும் தொலைபேசியில், "உன் பாஸ்போர்ட்டை வீட்டுக்காரி இன்னும் வைத்திருக்கிறாளா? சம்பளம் தந்தாளா?" என்று மனைவியிடம் கேட்டு அழுகிறான்.

அவன் கண்ணீர் உண்மை. அவன் கவலையும் உண்மை. ஆனால் குவைத்தில் தன் மனைவிக்கு என்ன நீதியைக் கேட்கிறானோ, அதே நீதியைக் கொழும்பிலுள்ள அந்நியனுக்கு அவன் மறுக்கிறான். நம்மில் எத்தனை பேர் அப்படிச் செய்கிறோம்!

நாம் கண்ட பாடம்

இந்த வாதம் நமக்குப் புதியதன்று. வெள்ளவத்தையில் இருந்த நூல் நூற்று நெய்யும் ஆலையைப் பெரியவர்கள் அறிவார்கள். இன்று ஆலை இல்லை. அந்த நிலத்தில் மாடிக் குடியிருப்புகள் எழுந்து நிற்கின்றன. 1933ஆம் ஆண்டு, உலகெங்கும் வியாபாரம் முடங்கிய காலத்தில், அந்த ஆலையில் கூலி குறைக்கப்பட்டது. மலையாளத் தொழிலாளரும் சிங்களத் தொழிலாளரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். கொல்வின் ஆர். டி சில்வா அவர்கள் பக்கம் நின்றார். அதற்கு முன்னர் கொழும்புத் தொழிலாளரைத் திரட்டிப் பெரும் வேலைநிறுத்தங்களை நடத்திய ஏ. ஈ. குணசிங்கவோ அதை எதிர்த்தார். அந்தப் பஞ்ச காலத்தில் அவர், உள்ளூர்த் தொழிலாளியின் வயிற்றில் அடிப்பவன் மலையாளத் தொழிலாளியே என்று பிரசாரம் செய்தவர். கூலியைக் குறைத்தது யார் என்ற கேள்வி மறைந்து, கூலி வாங்குபவன் எந்த ஊரான் என்ற கேள்வி மேலெழுந்தது.

பின்பு 1939ஆம் ஆண்டு வந்தது. அரசாங்கத் திணைக்களங்களில் நாட்சம்பளத்துக்கு வேலை செய்த இந்தியரை நீக்கி, அந்த இடங்களை இலங்கையருக்குக் கொடுப்பது என்று ஆட்சியாளர் முடிவு செய்தார்கள். ஜூலை மாதம் ஜவகர்லால் நேரு கொழும்புக்கு வந்து பேசிப் பார்த்தார். பலன் இல்லை. ஆகஸ்ட் முதல் நாள் தொடக்கம் உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்கு வருவதை இந்திய அரசாங்கம் தடை செய்தது. தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு அக்கரையில் தாய் தகப்பன் இருந்தார்கள். போனால் திரும்பி வர முடியுமோ என்ற பயத்தில் எத்தனையோ பேர் தம் பெற்றோரின் முகத்தைக் காணாமலே இருந்துவிட்டார்கள்.

வேலையில் தொடங்கியது குடியுரிமையில் போய் முடிந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டு மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. குடிவருவோர் குடியகல்வோர் பற்றிய 20ஆம் இலக்கச் சட்டமும் அதே ஆண்டின் பிள்ளைதான். 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில், ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் அந்தப் பக்கம், மூன்று இலட்சம் பேர் இந்தப் பக்கம் என்று மனிதரை மூட்டை எண்ணுவதுபோல் எண்ணிப் பிரித்தார்கள். மிகுதி ஒன்றரை இலட்சம் பேரை 1974ஆம் ஆண்டு சரிபாதியாகப் பங்கிட்டார்கள். இந்தக் கணக்கின் கடைசி வரி 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் எழுதப்பட்டது.

நாம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இத்தனையும் செய்த பின், உள்ளூர் இளைஞன் தொழில் கற்றானா? வெளியாரைத் துரத்தியதால் ஒரு பட்டறை திறந்ததா? ஒருவனின் கையிலிருந்த உளியைப் பறித்தால், அதைப் பிடிக்கும் பழக்கம் மற்றவனின் கைக்கு வந்துவிடாது. அதைப் பழக்குவதற்கு ஒரு சூசையப்பர் வேண்டும்.

ஒரே மூச்சில் சொன்ன சட்டம்

உபாகமம் இருபத்து நான்காம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஏழைக் கூலிக்காரனை ஒடுக்காதே, சூரியன் மறையுமுன் அவன் கூலியைக் கொடுத்துவிடு என்று மோயீசன் கட்டளையிடுகிறார். யாருடைய கூலியை? தன் இனத்துச் சகோதரனாயினும் சரி, ஊரில் தங்கியிருக்கும் அந்நியனாயினும் சரி என்று இருவரையும் ஒரே மூச்சில் சொல்கிறார். லேவியராகமமோ இன்னும் ஒருபடி மேலே போய், அந்நியனை உன்னைப்போல் நேசி என்கிறது. அதற்குச் சொல்லும் காரணம், இஸ்ராயேலரும் எகிப்தில் அந்நியராய் இருந்தார்கள் என்பதே.

இதில் ஆண்டவரின் ஞானம் எவ்வளவு ஆழமானது! அந்நியனைக் குறைந்த கூலிக்கு வேலை வாங்கலாம், கடவுச்சீட்டைப் பறித்து வைக்கலாம், வாய் திறந்தால் ஊருக்கு அனுப்பிவிடலாம் என்றிருந்தால், முதலாளி யாரைத் தேடுவான்? அந்த அந்நியனைத்தான் தேடுவான். உள்ளூர்க்காரன் வாசலில் நிற்பான். இருவருக்கும் ஒரே கூலி, ஒரே சட்டம் என்று ஆகிவிட்டால், மலிவுக்காக அந்நியனை அழைக்கும் ஆசையே முதலாளிக்கு அற்றுப்போகும். அப்போது உண்மையாகவே தேவைப்படும் தொழிலுக்குத்தான் வெளியார் அழைக்கப்படுவார்கள். ஆதலால் அந்நியனுக்குச் செய்யும் நீதி, நம் பிள்ளையின் வேலைக்கு நாம் போடும் வேலி.

பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1981ஆம் ஆண்டு மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் இதையே போதித்தார். வெளிநாட்டில் வேலை செய்பவன் மற்றத் தொழிலாளரிலும் தாழ்வாக நடத்தப்படலாகாது; அவனுடைய இக்கட்டைச் சுரண்டலுக்கு வாய்ப்பாக்கலாகாது என்றார்.

சட்டம் எப்படி இருக்க வேண்டும்?

'இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை, கோவிலுக்கு என்ன?' என்று சிலர் கேட்கலாம். நம் பிள்ளைகளின் கண்ணீர் கோவிலுக்கு வரும்போது, அந்தக் கண்ணீரின் காரணமும் கோவிலுக்கு வரத்தான் செய்யும்.

முதலில் வெளியே போகும் வாசலைப் பார்ப்போம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. போகிறவரைப் பதிவு செய்யவும், ஒப்பந்தத்தைச் சரிபார்க்கவும், பயிற்சி கொடுக்கவும் அது இருக்கிறது. ஆனால் வளைகுடா நாடுகளில் வதிவிட அனுமதி வேலை கொடுப்பவரின் பெயரோடு கட்டப்பட்டிருப்பது வழக்கம். அவரை விட்டுப் போனால் தொழிலாளி அன்றே சட்டவிரோதியாகிவிடுவான். கட்டார் 2020ஆம் ஆண்டு, முதலாளியின் சம்மதமின்றி வேலை மாறலாம் என்று திருத்தியது. சவூதி அரேபியா 2021இல் செய்த திருத்தமோ வீட்டு வேலைக்காரரை விட்டுவிட்டது. நம் தாய்மார் செய்வது அந்த வேலைதானே!

மூதூரைச் சேர்ந்த இஸ்லாமியச் சகோதரி றிசானா நபீக்கை நாம் மறக்கலாகாது. அவள் 1988இல் பிறந்தவள். 1982இல் பிறந்தவளாகக் கடவுச்சீட்டில் காட்டி, 2005ஆம் ஆண்டு பதினேழு வயதில் சவூதிக்கு அனுப்பினார்கள். கைக்குழந்தையைப் பராமரிக்கும் பொறுப்பு, அதற்குப் பயிற்சியில்லாத, மொழி தெரியாத அந்தச் சிறுமியின் தலையில் விழுந்தது. குழந்தை இறந்தது, கொலைக் குற்றம் அவள்மேல் சுமத்தப்பட்டது. 2013ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் அவளுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. பொய்யான ஒரு தாளும் கொடுக்கப்படாத பயிற்சியும் சேர்ந்து ஒரு பிள்ளையை என்ன செய்யும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அதன் பின்னும் நாம் விழித்தோமா? 2022இல் சுற்றுலா விசாவில் ஓமானுக்குப் போன பெண்கள் ஆட்கடத்தலில் அகப்பட்டார்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிய படித்த இளைஞர்கள் மியன்மார் எல்லையில் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டார்கள்.

இனி உள்ளே வரும் வாசல். நம் நாட்டில் பொதுவாக, முதலீட்டுச் சபையோ உரிய அமைச்சோ சிபாரிசு செய்ய, குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் வதிவிட விசா கொடுக்கிறது. இந்த நடைமுறையில் நீதியுள்ள திருத்தம் என்றால், மூன்று காரியங்கள் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று, உள்ளூரில் ஆள் தேடிப் பார்த்தேன் என்பதை முதலாளி மெய்ப்பிக்க வேண்டும். இரண்டு, அழைத்து வந்தவனுக்கு உள்ளூராருக்குள்ள கூலியும் பாதுகாப்பும் இருக்க வேண்டும். கடவுச்சீட்டு அவன் பையிலேயே இருக்க வேண்டும். கொடுமை நேர்ந்தால் வேறு முதலாளியிடம் போக வழி வேண்டும். மூன்று, ஒவ்வோர் அந்நியத் தொழிலாளிக்கும் முதலாளி ஒரு தொகை கட்ட, அது நம் பிள்ளைகளின் பயிற்சிக்கே போக வேண்டும். சிங்கப்பூரில் அப்படி மாதந்தோறும் தொகை கட்டும் முறையும், உள்ளூரார் இத்தனை பேருக்கு வெளியார் இத்தனை பேர் என்ற வரம்பும் நடைமுறையில் இருக்கின்றன. நம் நாட்டில் அந்தப் பணம் பட்டறைகளாக மாற வேண்டும். வந்தவன் போகுமுன் தன் கைப்பழக்கத்தை நம் பெடியன் ஒருவனுக்குக் கற்றுக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

குடிபெயர்ந்த தொழிலாளரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை 1996ஆம் ஆண்டு ஏற்றது. நம்மவரை வேலைக்கு எடுக்கும் வளைகுடா அரசுகள் அதை ஏற்கவில்லை என்று முறையிடுகிறோம். அது நியாயமே. ஆனால் நாம் ஏற்றோமே! நம் மண்ணில் கல் சுமக்கும் அந்நியனுக்கு அதைக் கைக்கொள்கிறோமா?

பெற்றோரே, உங்களுக்கு ஒரு வார்த்தை

குறையெல்லாம் சட்டத்தில் இல்லை. நம் வீடுகளிலும் உண்டு. வெள்ளவத்தையில் விடியமுன் தொடங்கி இரவுவரை டியூஷன் வகுப்புகள். டொக்டர், எஞ்சினியர், கணக்காளர் என்பது தவிர வேறு தொழில் நம் வாயில் வருவதில்லை. மேசன் பாஸ் வந்தால் வாசலில் வைத்துத் தேநீர் கொடுக்கிறோம். மகன் குழாய் வேலை பழகப் போகிறேன் என்றால், 'சொந்தக்காரர் முகத்தில் எப்படி முழிக்கிறது?' என்கிறோம். அதே மகன் கனடாவில் குழாய் பொருத்தினால் படம் எடுத்து எல்லோருக்கும் காட்டுகிறோம்! தச்சனின் மகனை ஆராதிக்கும் நாம், தச்சுத் தொழிலைக் கண்டு வெட்கப்படலாமா?

வழிகள் இல்லாமலில்லை. மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரி 1893ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது. மொறட்டுவையில் 'ஜெர்மன் டெக்' என்று நாம் அழைக்கும் நிறுவனம் உண்டு. நீர்கொழும்புப் பக்கத்தில் சலேசிய சபையார் ஏழைப் பிள்ளைகளுக்குத் தொழில் பழக்குகிறார்கள். தேசிய தொழில் தகைமை என்னும் சான்றிதழ் ஏழு படிகளாக அமைந்திருக்கிறது. கீழ்ப்படியில் ஏறியவன் மேற்படிவரை போகலாம். இன்னொன்றையும் கேளுங்கள். இருபது வருடமாகச் சுவர் கட்டும், வயர் இழுக்கும் தகப்பன்மாரே, நீங்கள் வகுப்பில் உட்காராமலே உங்கள் கைத்திறனைச் சோதித்து அந்தச் சான்றிதழ் கொடுக்கும் முறையும் இருக்கிறது. அந்தத் தாள் உள்ளூரில் உங்கள் கூலியை உயர்த்த உதவும். கடல் கடந்தாலும் 'கூலி' என்ற பெயரில் போகாமல், தொழிலாளி என்ற பெயரில் போகலாம். தமிழில் பயிற்சி கிடைக்கும் இடம் குறைவு என்று பெற்றோர் பலர் முறையிடுகிறார்கள். அந்த முறைப்பாட்டை நம் பங்குகள் ஒன்றுசேர்ந்து உரியவர்களிடம் கொண்டு போக வேண்டும்.

மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2023ஆம் ஆண்டு குடிபெயர்ந்தோர் நாளுக்கு, போவதா இருப்பதா என்று தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் என்பதையே கருப்பொருளாகக் கொடுத்தார். போக மனிதனுக்கு உரிமை உண்டு. அதற்கு முன்னே, தன் ஊரில், தன் பிள்ளைகளோடு, மானமாய் உழைத்து வாழும் உரிமையும் உண்டு. பசி துரத்திப் போகிறவன் தேர்ந்துகொண்டு போகவில்லை, அவன் துரத்தப்படுகிறான். தொழில் கற்ற கை இருந்தால்தான் அவனுக்குத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் வரும்.

அனுமதி இல்லாமல் வந்த அர்ச்சியசிஷ்டவர்

முடிக்குமுன் ஒன்றை நினைவூட்டுகிறேன். 1687ஆம் ஆண்டு, கோவாவைச் சேர்ந்த குரு ஒருவர், ஒல்லாந்தரின் அனுமதி இல்லாமல், ஏழைக் கூலிக்காரனின் வேடத்தில் யாழ்ப்பாணத்தில் கரை இறங்கினார். தமிழ் கற்றார், சிங்களம் கற்றார். கண்டியில் அவரைப் போர்த்துக்கீசரின் ஒற்றன் என்று சந்தேகித்துச் சிறையில் வைத்தார்கள். அவர்தாம் புனித யோசேவ் வாஸ். 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள், காலிமுகத் திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரை அர்ச்சியசிஷ்டவர் என்று அறிவித்தபோது நம்மில் பலர் அங்கே நின்றோம். கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலமும், ஒல்லாந்தர் காலத்தில் வியாபாரி வேடத்தில் ஒளிந்திருந்த கொச்சிக் குரு ஒருவரால் தொடங்கியது என்று மரபு சொல்கிறது. நம்முடைய விசுவாசமே அனுமதிச் சீட்டில்லாத அந்நியர் கொண்டுவந்து தந்த கொடை.

ஆகவே அன்பர்களே, இந்த வாரம் மூன்று காரியங்கள் செய்வோம். வெளிநாடு போக ஆயத்தமாகும் ஒருவர் நம் வீட்டிலோ அயலிலோ இருந்தால், பணியகத்தில் பதிவு செய்தாரா, ஒப்பந்தத்தைத் தமிழில் வாசித்து விளங்கினாரா என்று கேட்போம். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போவதைத் தடுப்போம். வேலையின்றி நிற்கும் நம் பிள்ளை ஒருவனைக் கைபிடித்துத் தொழிற்பயிற்சிக்குக் கூட்டிச் செல்வோம். நம் தெருவில் வேலை செய்யும் அந்நியன் ஒருவனைக் கண்டால், அவனுடைய கூலியைப் பற்றி முணுமுணுக்காமல், அவன் பெயரைக் கேட்போம். தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்போம். கடைசி நாளில் ஆண்டவர் நம்மிடம் கேட்கப்போவதில் அதுவும் ஒன்று.

எகிப்தில் அந்நியராய் உழைத்த சூசையப்பரே, கடல் கடந்த எங்கள் தாய்மாரையும் தகப்பன்மாரையும் காத்தருளும். நாசரேத்தில் மகனுக்குத் தொழில் பழக்கிய சூசையப்பரே, எங்கள் பிள்ளைகளின் கைகளுக்குத் திறனும் மானமும் பெற்றுத் தாரும். இருவரையும் ஒருவராகக் காணும் கண்ணை எங்களுக்கு இரந்து கேளும். ஆமென்.